இடக்கைக்கு வளையல்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கையின் கதை சொல்கிறேன். காக்களூரில், மாமியார் ரெபேக்கா வீட்டுக் கூடத்தில் மெர்சிக்கு வளைகாப்பு. பக்கத்துக் கம்பெனியின் பிரஸ் மெஷின் தட்டும்போதெல்லாம் தாம்பாளத்துக் கண்ணாடி வளையல்கள் சிலிர்க்கின்றன. ஜன்னல் வெயிலில் அவற்றின் பச்சையும் சிவப்பும் சுவரில் நடுங்குகின்றன. மெர்சிக்குப் போட்டாகிவிட்டது, இனி வந்திருக்கும் பெண்களின் முறை. மெர்சியின் அம்மா எஸ்தர் உப்பிய இடக்கையை முந்தானைக்குள் வைத்திருக்கிறாள். போன வருஷம் மார்பில் கட்டி எடுத்ததை இந்த வீட்டில் அவள் சொல்லவேயில்லை. மகளைக் குறைவாகப் பார்ப்பார்களோ என்ற பயம். அவள் வலக்கைக்குப் போட்டு முடித்த ரெபேக்கா, அடுத்த கைக்கும் வளையல் வழுக்கி ஏற சோப்பு நுரையோடு காத்திருக்கிறாள். "அந்தக் கையில இன்னா, தங்கமா ஒளிச்சு வெச்சுக்கினு கீறீங்க?" பெண்கள் சிரிக்கிறார்கள். எஸ்தர் கையை எடுத்து மடியில் வைக்கிறாள். விரல்கள் மடங்கவில்லை, தோல் மினுமினுக்கிறது. "மார்ல கட்டி எடுத்தப்போ அக்குள்ள கீற நிணநீர் முடிச்சையும் எடுத்துட்டாங்க, சம்மந்தி. கையில ஊறுற நீரு அது வழியாத்தான் போவணுமாம். வழியில்லாம இங்கியே தேங்கிக்குது. வளையல் இறுக்கக் கூடாது. ஒடஞ்சு கிழிச்சா சீழ் புடிச்சுக்கும்." மெஷின் இரண்டு தரம் தட்டுகிறது. மெர்சி மாமியார் முகத்தையே பார்க்கிறாள். ரெபேக்கா நுரையைக் கழுவிவிட்டு, சந்தனம் தொட்டு, அந்த வீங்கிய கையில் அழுத்தாமல் பூசுகிறாள். "போன வாரம் எங்க ஊட்ல இந்தக் கையாலயா கொடம் தூக்குனீங்க? பைத்தியம்!" என்று திட்டிக்கொண்டே மீதி வளையல்களையும் வலக்கையிலேயே ஏற்றுகிறாள். எஸ்தரின் ஒரு கை முழங்கை வரை கலகலக்கிறது. கேட்ட உங்கள் வீட்டிலும் வலியை மறைக்க வேண்டாத மனிதர்கள் நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா.