கிடா சிலுப்பிய நேரம்

கோயில் வாசலில் நின்ற கிடாவின் தலையில் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர் விழுந்தது. அது திடுக்கிட்டு, "அக்கா, என்னது இது?" என்று வேப்பங்கிளையில் இருந்த காக்காயைக் கேட்டது.

"உன்கிட்ட சம்மதம் கேக்குறாங்கடா. நீ உடம்பைச் சிலுப்பினா சரின்னு அர்த்தம். அப்புறம் அரிவாள்தான்."

கிடா ஒரு அடி பின்வாங்கியது. "சிலுப்பலைன்னா?"

"சாமிக்கு மனசில்லைன்னு விட்டுடுவாங்க. அசையாம நில்லு."

கிடா கல்லாக நின்றது. இரண்டாம் செம்பு விழுந்தது, மூன்றாம் செம்பும் விழுந்தது. கூட்டம் வெலவெலத்துப்போனது. "சாமி, நாங்க என்ன குத்தம் பண்ணினோம்?" என்று பூசாரி கிடாவின் காலிலேயே விழுந்தார். தன்னை ஒருவர் கும்பிடுவதைக் கிடா அன்றுதான் பார்த்தது.

அப்போது ஒச்சப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "குத்தம் என்னுதுதான் சாமி. தம்பி பயிர் கருகினது என்னாலதான். அவன் வயலுக்குத் தண்ணி போற மடையை நான்தான் அடைச்சேன்."

பன்னிரண்டு வருஷமாகப் பேசாத தம்பி வீரணன், "அண்ணே!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டார். இருவரும் அழுதார்கள், அழுதுகொண்டே சிரித்தார்கள்.

பார்த்துக்கொண்டிருந்த கிடாவுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் கிளம்பி முதுகெல்லாம் ஓடியது. கொம்பு முதல் வால் வரை ஒரே சிலுப்பு.

குலவைச் சத்தம் காதைப் பிளந்தது.

"அடப்பாவி! வேணும்னே பண்ணினியா, தன்னால வந்துச்சா?" என்று காக்காய் அலறியது.

கிடா அந்த அண்ணன் தம்பியையே பார்த்தது.

"தெரியலையேக்கா. ஆனா நல்லா இருந்துச்சு."