பல் நிறப் பூச்சு

"பல்லுக்குப் போட்ட கம்பியை மாத்திடுங்க டாக்டர்."

நாற்காலியில் அவள் சாயக்கூட இல்லை. கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"மேல் பூச்சு உரியுதா?"

"இல்ல."

"டீக்கறை பிடிச்சிருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

டாக்டர் விளக்கை இழுத்துப் பார்த்தார். வெள்ளைப் பூச்சு பல்லோடு பல்லாகக் கிடந்தது. கம்பி எங்கே என்று அவரே தேட வேண்டியிருந்தது.

"நல்லாத்தானே இருக்கு?"

"பூச்சே இல்லாத ஸ்டீல் கம்பியா போடுங்க. பளபளன்னு தெரியணும்."

"வீட்டுக்காரர் கேலி பண்ணுவார், வெளிய தெரியவே கூடாதுன்னு நீங்கதானே அடம் பிடிச்சீங்க? கண்டுபிடிச்சிட்டாரா?"

ஜிப் சத்தம் நின்றது.

"மூணு மாசமா எதிர்ல உக்காந்துதான் சாப்பிடறார் டாக்டர். இன்னும் ஒரு கேலிகூடப் பண்ணல."