இரட்சிக்கப்பட்ட தேதி

தாம் எந்த நாளில் இயேசுவை நம்பி இரட்சிக்கப்பட்டோம் என்பது அவருக்கு எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. மறுநாள் சபையில் புது அங்கத்தினர் நேர்காணல். முதல் கேள்வியே அதுதான். தேதி சொல்லத் தெரியாதவர்களுக்கு, "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பதே பதில்.

"ஏங்க, காலண்டரை முறைச்சா தேதி குதிச்சு வந்துடுமா?" என்றாள் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி.

"கிண்டல் பண்ணாதே. பேச்சு வந்த நாள்லேர்ந்து ஜெபம் பண்றேன். அதுல எந்த நாளைச் சொல்றது?"

"சரி, என் மேல எப்போ பாசம் வந்துச்சு?"

"அது... எப்பவோ வந்துடுச்சு."

"தேதி தெரியலைன்னு என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிடலையே! நாம தேடுறதுக்கு முன்னாடியே கர்த்தர்தானே நம்மைத் தேடி வந்தாரு? வந்த நாள் அவருக்குத் தெரிஞ்சா போதாதா?"

மறுநாள் நேர்காணல் அறையில், கேள்வி கேட்கும் நாற்காலியில் அமர்ந்திருந்த போதகர் அவர்தான். எதிரே அவருடைய மகள். பொய்த் தேதி சொல்ல மாட்டேன் என்றதால் போன வருஷம் அவரே திருப்பி அனுப்பியவள். "உங்க தேதி என்னப்பா?" என்று இந்த வாரம் அவரை மடக்கியவளும் அவளே.

"எனக்கு இன்னும் தேதி தெரியலை, ஐயா" என்றாள்.

"எனக்கும் தெரியாதும்மா. இப்போ அவரை நம்புறியா?"

"நம்புறேன்ப்பா."

அன்றிலிருந்து அந்தச் சபையில் அதுதான் முதல் கேள்வி.