சுவரில் நிற்கும் குச்சி

காலை ஒன்பதே கால். கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு கண் பரிசோதனை அறை. ஏழு வயது சைக்கல் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நிற்கிறாள். அவள் கழுத்தில் பால் டீ நிறத்தில் புள்ளிகள், ஒரு பரம்பரை நோயின் அடையாளம். அம்மா குல்பார்ச்சினின் கழுத்திலும் அதே புள்ளிகள் உண்டு; தலைக்குட்டையால் மூடியிருக்கிறாள். மகளுக்கு மட்டும் அந்த நோய் மூளைக்குள் கண் நரம்பில் கட்டியாகிவிட்டது. பார்வை குறைந்திருந்தால் மறுபடி ஒரு வருடம் ஊசி மருந்து. போன முறை அந்த மருந்தில் உதிர்ந்த முடி இப்போதுதான் காது வரை வந்திருக்கிறது. டாக்டர் எழுத்து அட்டையைக் குச்சியால் தட்டத் தட்ட, சைக்கல் கடகடவென்று சொல்கிறாள். "கழுகுக் கண்ணுடி உனக்கு!" என்று சிரித்தபடி டாக்டர் குனிந்து எழுதுகிறார். குச்சி அட்டையை விட்டு நழுவி வெறும் சுவரில் நிற்கிறது. சைக்கல் நிறுத்தவில்லை, அடுத்த வரியையும் பிழையில்லாமல் ஒப்பிக்கிறாள். சுண்ணாம்புச் சுவரில் வெயில் கூசுகிறது. அம்மாவின் பாவாடையைப் பிடித்திருக்கும் சின்ன விரல்கள் இறுகுகின்றன. "எல்லாம் தெரியுதும்மா," என்கிறாள் மெதுவாக. குல்பார்ச்சின் வெறும் சுவரில் நிற்கும் குச்சியைப் பார்க்கிறாள், பிறகு மகளை. டாக்டர் தாளிலிருந்து நிமிர்கிறார்.

"போன தடவையைவிட ஒரு வரி கூடவே படிக்கிறாளே. அப்ப மருந்து வேண்டாம்னு எழுதிடட்டுமாம்மா?"