மாத்து ஆள்

"கூடப் போனவங்க எல்லாம் வீடு வந்து சேர்ந்தாச்சு. என் வீட்டுக்காரர் மட்டும் இன்னும் கடல்லயே கிடக்கணுமா?"

கப்பல் கம்பெனி ஆபீஸில் வந்து நின்று கேட்டாள், ஒரு மாலுமியின் மனைவி.

கப்பல்களுக்கு ஆள் மாற்றி அனுப்பும் மேனேஜர் நிமிரவில்லை. "மாத்து ஆள் கிடைக்கலைம்மா."

"வேண்டப்பட்டவங்களுக்கு மட்டும் கிடைக்குதாக்கும்?"

 ஈவிரக்கமில்லாத மனுஷன், பெண்டாட்டி பிள்ளை இருந்தால்தானே தெரியும் என்று வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டு, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

மாலுமிகளுக்கு விமான டிக்கெட் போடும் பெண்ணுக்கு மனசு ஆறவில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பார்க்கிறாள். அந்த மாலுமி வீடு திரும்பும் முறை வரும்போதெல்லாம் கப்பலிலிருந்து வேறு ஒருவன்தான் இறங்குகிறான். இது நியாயமா என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

மேனேஜர் போனைக் கையில் எடுத்தார். லீவில் இருக்கும் மாலுமிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒருவன் வீடு கட்டுகிறேன் என்றான். ஒருவன் முதுகுவலி என்றான். இன்னொருவனின் மனைவி போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். அவர் விடவில்லை. கெஞ்சினார், அதட்டினார், அடுத்த லீவைக் கூட்டித் தருவதாகச் சத்தியம் செய்தார். சாப்பாட்டு நேரமும் தாண்டியபிறகு ஒருவன் சரி என்றான்.

"ஏற்கெனவே ஒருத்தன் கிளம்பத் தயாரா இருக்கான். இவனுக்கும் சேர்த்து ரெண்டு டிக்கெட் போடும்மா."

"ரெண்டா? இறங்க வேண்டியது ஒருத்தர்தானே சார்?"

அவர் கப்பலுக்குப் போன் போட்டு, அந்த மாலுமியையே கூப்பிடச் சொன்னார். ஸ்பீக்கரில் குரல் கரகரத்தது.

"சார், என்கூட இருக்கிறவனோட அப்பா படுத்த படுக்கையா இருக்காராம். இந்த முறை அவன் போகட்டும். நான் அடுத்த முறை..."

"ஒவ்வொரு முறையும் இதே பாட்டுதான். அவனுக்கும் மாத்து ஆள் பிடிச்சாச்சு. ரெண்டு பேரும் இறங்குறீங்க. மறுபேச்சு கிடையாது."

அந்தப் பக்கம் குரல் தணிந்தது.

"சார்... நான் விட்டுக்கொடுத்ததெல்லாம் என் வீட்ல தெரியாதே?"

"தெரியாது" என்று போனை வைத்தார்.

டிக்கெட் பெண்ணுக்கு என்னவோ போலிருந்தது. "இதை அந்தம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே சார்? எதுக்கு நீங்க வீணா திட்டு வாங்கணும்?"

"என்னைத் திட்டிட்டு அவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. அவனைத் திட்ட ஆரம்பிச்சா, அவன் எங்கேம்மா போவான்?"