முதல் புடவை வழக்கம்

“அந்தம்மா மொகத்துலயே முழிக்கக் கூடாதுன்னு இருந்தேன். நீதான் இழுத்துகினு வந்துட்ட” என்று மகள் நிலாவிடம் முணுமுணுத்தபடியே ஆட்டோவிலிருந்து இறங்கினாள் அன்புச்செல்வி.

ஆரணியில் படித்து முடித்து இருபத்து நான்கு வருஷம் கழித்து இன்றைக்குத்தான் ஊருக்குள் கால் வைக்கிறாள். காலையில் கல்லூரியில் பழைய மாணவர் கூட்டம். அது முடிந்ததும், அம்மா வாடகைக்குத் தங்கிப் படித்த நெசவாளர் வீட்டைப் பார்த்தே தீர வேண்டும் என்று நிலா ஒற்றைக்காலில் நின்றாள்.

“அப்படி என்னம்மா பண்ணாங்க அவங்க?”

“என்னைக் கடை பொம்மை ஆக்கினாங்க.”

நடந்தது இதுதான். கடைசி வருஷ வழியனுப்பு விழா. பெண்கள் எல்லாரும் பட்டுப் புடவைதான் கட்ட வேண்டும் என்று பேசி முடிவாகிவிட்டது. படவேட்டில் கூலி வேலைக்குப் போகிறவர்களின் மகள் அன்புச்செல்வி. பட்டுக்கு எங்கே போவாள்? ஜுரம் என்று சொல்லி இழுத்துப் போர்த்திப் படுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் வீட்டுக்காரம்மா அபிதகுசாம்பாள் ஒரு பச்சைப் பட்டோடு வந்து நின்றார்.

“தறியில புதுப் பாவு நூலு போட்டு நெய்யுற மொதப் பொடவைய, படிக்கிற பொண்ணு ஒருத்தி ஒரு நாள் கட்டித் தரணும். அப்பத்தான் தறி நிக்காம ஓடும். எங்க வழக்கம் அது. ஆளு கெடைக்காம ஒரே பேஜாரா இருக்குது. ஜல்தி எழுந்து கட்டு.”

கட்டினாள். விழாவுக்கும் போனாள். அதுவரை சரி. மறுநாள் பொழுது விடிந்ததுதான் தாமதம், அந்தம்மா கதவைத் தட்டிப் புடவையைத் திருப்பி வாங்கினார். வாங்கியதோடு விட்டாரா? வாசல் வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, அங்குலம் அங்குலமாகக் கறை தேடினார். ஏழைப் பெண் என்றால் அவ்வளவு இளக்காரம்!

அந்தக் கோபத்தில், சென்னையில் அரசாங்க இன்ஜினீயர் ஆன பிறகும் அன்புச்செல்வி ஒரு ஆரணிப் பட்டுகூட வாங்கியதில்லை. இன்றைக்கும் வேண்டுமென்றே காஞ்சிபுரம்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“ஓசியில மாடலா? அநியாயம்மா!” என்றாள் நிலா.

வீட்டு மருமகள் ஜெயப்ரியா வரவேற்று உட்கார வைத்தாள். “அத்தை தறி ரூம்ல பேசிகினு இருக்காங்க. வந்துடுவாங்க.”

உள்ளேயிருந்து அபிதகுசாம்பாளின் குரல் கேட்டது.

“புதுப் பாவு கண்ணு. மொதப் பொடவை. நீ கட்டலன்னா நான் யாரைத் தேடிகினு போவேன்?”

“நாளைக்கு நான் விழாவுக்கே போவலம்மா. ஒடம்பு சரியில்ல” என்று ஒரு பெண்ணின் குரல் தயங்கியது.

அன்புச்செல்விக்குச் சுர்ரென்று ஏறியது. “இன்னும் இந்த வேலைய விடலையா?” என்று எழுந்தாள். ஜெயப்ரியா சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, போவாதீங்க. காரியத்தைக் கெடுத்துடாதீங்க.”

“என்னையும் இப்படித்தான் ஏமாத்தினாங்க. நீங்களாவது இந்த வழக்கத்த நிறுத்தச் சொல்லக் கூடாதா?”

ஜெயப்ரியா குரலைத் தாழ்த்தினாள். “இன்னா வழக்கம்? அப்படி ஒண்ணு இந்த ஆரணியிலயே கெடையாதுக்கா. ஒரு தபா கட்டி மடிப்பு கலைஞ்ச பொடவைய எந்தக் கடைக்காரரு எடுப்பாரு? வீட்லயே வெச்சிக்க வேண்டியதுதான். பட்டு இல்லாம, ஜொரம்னு படுத்துக்கிற பொண்ணுக்கு மட்டும்தான் அத்தை இந்தக் கதைய அவுத்து வுடுவாங்க. எங்க வீட்டுக்காரரு தலையில அடிச்சிக்கிறாரு. இந்தப் பொண்ணோட நாலு பொடவை ஆச்சு.”

“அப்புறம் எதுக்குக் கறை பாத்தாங்க?”

“சும்மா குடுத்தா தர்மம் பண்ண மாதிரி ஆயிடுமாம். கட்டின பொண்ணு கூனிக் குறுகிப் போயிடுமாம். வேலை வாங்கின மாதிரியே இருக்கணும்பாங்க.” ஜெயப்ரியா லேசாகச் சிரித்தாள். “மொத மொத ஒரு பொண்ணு கட்டிக் குடுத்ததுன்னு ஒரு பச்சைப் பொடவை இருக்குது. அத்தை இன்னைக்கும் அதத்தான் கோயிலுக்குக் கட்டுறாங்க.”

அன்புச்செல்வி பொத்தென்று உட்கார்ந்தாள்.

அன்றைக்கு விழாவில் அவள் யாருக்கும் குறைவில்லாமல் தலைநிமிர்ந்து நின்றாள். இரவல் என்ற நினைப்பே வரவில்லை. நாம்தான் வீட்டுக்காரம்மாவுக்கு உதவி செய்கிறோம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் மிதப்புகூட இருந்தது. அந்த மிதப்பைக் கொடுத்தவரையா இத்தனை வருஷம் திட்டித் தீர்த்தோம்? என்ன மனுஷி இவர்! கண்ணில் நீர் முட்டியது.

தறி அறையிலிருந்து அந்தப் பெண் வெளியே வந்தாள். கையில் மாம்பழ நிறப் பட்டு. பின்னாலேயே அபிதகுசாம்பாள். தலை முழுக்க நரைத்திருந்தது. வந்திருப்பது யார் என்று உற்றுப் பார்த்தவர், “அட, அன்புச்செல்வி! நீ இங்க தங்கிப் படிச்சிகினு இருந்தது நேத்து மாதிரி இருக்குது” என்று முகம் மலர்ந்தார்.

அந்தப் பெண் அன்புச்செல்வியைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த புடவையைப் பார்த்தாள். அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்ற யோசனை அவள் முகத்தில் தெரிந்தது.

“மேடம், நீங்களும் இங்கதான் தங்கிப் படிச்சீங்களா? மொதப் பொடவைய படிக்கிற பொண்ணு கட்டணும்னு நெஜமாவே ஒரு வழக்கம் இருக்குதா?”

அபிதகுசாம்பாளின் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்துவிட்டது. ஜெயப்ரியா தரையைப் பார்த்தாள்.

“இல்லாம என்ன? நானே கட்டியிருக்கேனே!” என்றாள் அன்புச்செல்வி. “ஆனா விழா முடிஞ்ச மறுநாளே ஒழுங்கா திருப்பிக் குடுத்துடு கண்ணு. இந்தம்மா ரொம்பக் கறார்.”