முப்பத்தோராவது பிள்ளை

முப்பதுதான் இருந்தது.

இந்து டீச்சர் மறுபடியும் எண்ணினாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எண்ணினாள், உட்காரவைத்து எண்ணினாள், கழிப்பறைக்குப் போனவனைத் திரும்ப வரவழைத்தும் எண்ணினாள். முப்பதுக்கு மேல் ஒரு தலையும் ஏறவில்லை.

கேரளாவில் பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளன்று தலைகளை எண்ணுவார்கள். ஒன்றாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளை இருந்தால் இரண்டு டிவிஷன், இரண்டு டீச்சர். முப்பது என்றால் ஒரு டீச்சர் போதும், இன்னொருவர் வீட்டுக்குப் போகலாம். அந்த இன்னொருவர் இந்து.

நேற்று வரைக்கும் முப்பத்தொன்று இருந்தது. செங்கல் சூளையில் வேலை பார்த்த குடும்பம் ஒன்று விடிவதற்குள் மூட்டை கட்டிக்கொண்டு உடுமலைப் பக்கம் போய்விட்டது. அவர்கள் பிள்ளையோடு இந்துவின் சம்பளமும் போய்விட்டது.

தலைமையாசிரியர் டிஜோ சார் போன வாரம்தான் திருச்சூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவருக்கே பாவமாக இருந்தது.

“ஒரு குட்டி கிட்டினா போதும் டீச்சரே. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் கம்ப்யூட்டர்ல சேர்க்கலாம். ஆதார் கார்டு இருக்கட்டும், டிசி பின்னே வாங்கிக்கலாம்.”

இந்து பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கோடை விடுமுறை முழுக்க அவளும் கணவன் வேல்முருகனும் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. பொள்ளாச்சி தனியார் பள்ளியில் மாசம் முழுக்கத் தொண்டை வற்றக் கத்தினால் வருகிற பணம், இங்கே அரசுப் பள்ளியில் தினக்கூலி டீச்சருக்குப் பாதி மாசத்திலேயே வந்துவிடும். அங்கே அரசு வேலைக்குத் தேர்வெழுதிப் பாஸாகிக் காத்திருந்ததில் நாலு முடி நரைத்ததுதான் மிச்சம். இங்கே தமிழ் மீடியத்துக்குப் போட்டி குறைவு, என்றைக்காவது நிரந்தரமாகும்.

வாடகை கோபாலபுரத்தில் குறைவு. பெட்ரோலும் காய்கறியும் பொள்ளாச்சிப் பக்கம் குறைவு. சம்பளமும் வீடும் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், மற்றதெல்லாம் அந்தப் பக்கம் என்று முடிவானபோது, இரண்டு மாநிலத்தையும் ஏய்த்துவிட்ட மாதிரி இருவரும் சிரித்தார்கள். மறுநாளே அவள் பொள்ளாச்சி வேலையை விட்டாள். அந்த இடத்துக்கு அன்றைக்கே வேறு ஆள் வந்தாயிற்று.

தூறலில் நனைந்துகொண்டு வீடு வீடாக ஏறினாள். எந்த வீட்டிலும் அதே பதில்தான். செக்போஸ்ட்டைத் தாண்டி ஒரு மஞ்சள் வேன் வருகிறது, இங்கிலீஷ் பள்ளிக்கு எல்லாப் பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு போகிறது.

கமலாத்தாளின் கடைக்குட்டிக்கும் ஆறு வயது. இந்து விடவில்லை. இலவசப் புத்தகம் என்றாள், சோறு என்றாள், முட்டை என்றாள். கடைசியில், “தாய்மொழியில படிச்சாத்தானுங்க அக்கா புள்ளைக்குப் புத்தி விரியும்” என்றாள்.

கமலாத்தாள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே சிரித்தாள்.

“ஏனுங்க டீச்சர், நீங்க தமிழ்லதானுங்களே படிச்சீங்க. இப்ப ஒரு புள்ளைக்காக ஊடு ஊடா ஏறிட்டு நிக்கறீங்க.”

சுருக்கென்றது. படி இறங்கினாள். சொந்த மொழியில் பிள்ளையைப் படிக்கவைக்க மனசில்லாத ஜனங்கள், இதுகளுக்கு இங்கிலீஷ் ஒன்றுதான் குறைச்சல் என்று வழி நெடுக வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு வந்தாள். ஆத்திரத்தில் அழுகை வந்தது.

செக்போஸ்ட் அருகே வந்தபோது மஞ்சள் வேன் நிற்பதைப் பார்த்தாள். அதில் எத்தனை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும். ஒரே ஒரு அம்மாவிடமாவது காலில் விழுந்து கேட்டுவிடலாம். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்திருந்த பெண்களுக்கு நடுவே இந்துவும் போய் நின்றாள்.

வேன் கதவு திறந்தது.

முதலில் ஒரு சிறுமி குதித்தாள். கழுத்தில் டை, காலில் கறுப்பு ஷூ, முதுகை மறைக்கும் பை. நேராக ஓடி வந்து இந்துவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“அம்மா, நீ வந்திருக்கறே. அப்பா வல்லியா?”

இந்துவின் கை அவள் தலையைத் தடவப் போய்ப் பாதியில் நின்றது.

காலையிலிருந்து ஊரிலுள்ள ஆறு வயதுப் பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். எந்த வீட்டில் யார், யாருக்கு என்ன வயது, எல்லாம் நினைத்தாள். தன் மகள் ஜானவியை நினைக்கவே இல்லை. அப்படி ஒரு பிள்ளை இருப்பதே இப்போதுதான் தெரிந்த மாதிரி அவளைப் பார்த்தாள்.

பள்ளி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஜானவியின் ஆதார் கார்டு இந்துவின் கைப்பையிலேயே இருந்தது. இங்கிலீஷ் பள்ளியில் சேர்க்கக் கொண்டுபோனதை அவள் இன்னும் வெளியே எடுத்து வைக்கவில்லை.

கைபேசி அடித்தது.

“கிட்டியோ டீச்சரே? ஒரு குட்டி?” டிஜோ சாரின் குரலில் அவளைவிட அதிகப் பதற்றம் இருந்தது. “இனி பதினஞ்சு நிமிஷம் இருக்கு. யாரானாலும் போதும்.”

வாயைத் திறந்து ஒரு பெயரைச் சொன்னால் வேலை நிற்கும். வாடகை நிற்கும். அவள் மனதுக்குள் அந்தக் கணக்கு மறுபடி ஓடியது, இந்த முறை சிரிப்பதற்கு வேல்முருகன் பக்கத்தில் இல்லை. ஜானவி டையின் நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு அம்மாவை அண்ணாந்து பார்த்தாள்.

“இல்லீங்க சார்” என்றாள் இந்து. “தேடாத எடமில்லீங்க. இந்த ஊர்ல அப்படி ஒரு புள்ளையும் இல்லீங்க.”

சொன்னது தன் வாய்தானா என்று திகைத்து நடுரோட்டிலேயே நின்றாள். ஜானவி அவள் விரலைப் பிடித்து வீட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள்.